சின்னக் கல்லூரியில் ஏரோ: சேருமுன் பார்க்க வேண்டியவை

கட்-ஆஃப் கொஞ்சம் சறுக்கினாலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. கைநழுவிவிடும். அப்போதுதான் அதிகம் கேள்விப்படாத கல்லூரிகளின் ஏரோநாட்டிக்கல், ஏரோஸ்பேஸ் இடங்கள் கண்ணில் படும். சின்னக் கல்லூரி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. வகுப்பில் இருபது பேர் என்றால் விண்ட் டனலில் எல்லார் கையும் படும். அறுபது பேர் சுற்றி நின்றால் பாதிப்பேர் அடுத்தவர் நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிக்கொள்வதோடு சரி. ஆனால் அந்த விண்ட் டனல் ஓட வேண்டுமே!

அதனால் கவுன்சிலிங்கில் சாய்ஸ் லாக் செய்வதற்கு முன் நேரில் போய்விடுங்கள். அலுவலகத்தில் உட்காரவைத்து வீடியோ காட்டுவார்கள். பார்த்துவிட்டு, லேபுக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில், லேப் பாடங்களின் கடைசியில் 30 மாணவர் கொண்ட குழுவுக்கு என்னென்ன கருவிகள் வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ட் டனலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறி வேகமெடுத்ததும், இறக்கை மாதிரியோடு இணைத்த மானோமீட்டர் குழாய்களில் திரவமட்டம் ஆளுக்கொரு உயரத்தில் நிற்க வேண்டும். “லேப் அசிஸ்டென்ட் இன்னிக்கு லீவு” என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஹேங்கரில் நிற்கும் பழைய விமானம் செல்ஃபிக்கா, பயிற்சிக்கா என்பதை மூன்றாமாண்டு மாணவர் யாராவது சொல்லிவிடுவார்.

அடுத்தது ஆசிரியர்கள். 20 மாணவருக்கு ஒருவர் என்பது, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. ஆண்டுக்கு 60 இடம் உள்ள துறைக்கு, நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 12 பேர். பெயர்ப் பட்டியலைக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். பட்டியலில் இருப்பவரெல்லாம் வகுப்புக்கு வருபவரென்று நம்பிவிடாதீர்கள். ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் கணக்குக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது.

“படிப்பை முடித்தால் விமானத்தைப் பறக்கவிடக் கையெழுத்துப் போடலாம்” என்று யாராவது சொன்னால் உஷார். அதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தரும் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் வேண்டும்; பி.இ. பட்டம் மட்டும் அதைத் தராது. ‘இஸ்ரோ வேலை உறுதி’ பேனரும் அப்படித்தான். இஸ்ரோ பொதுவாக எடுக்கும் பொறியாளர்களில் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களே அதிகம்.

பணத்துக்கு வருவோம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடையாது. நன்கொடை வாங்குவது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது தராத பணம் எதையும் கட்டாதீர்கள். வேறு இடம் கிடைத்து, ஏ.ஐ.சி.டி.இ. குறித்த தேதிக்குள் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை.

மறுத்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 15 வேலைநாளில் அறிக்கை வர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தகவல் கையேட்டில் பொய்யான தகவல் தருவதும் புகாருக்குரியதே. ஆகவே அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

சேர்க்கை குறைந்தால் துறையைப் படிப்படியாக மூடும் ஆபத்தும் உண்டு. அப்போது முதலாண்டுச் சேர்க்கைதான் நிற்கும். ஏற்கெனவே படிப்பவர்களை முடிக்கும்வரை படிக்கவைப்பது கல்லூரியின் கடமை. கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை இடம் நிரம்பியது என்பதையும் அந்த முதல் வருகையிலேயே கேட்டுவிடுங்கள்.