சர்க்கரை டப்பாவைத் திறக்காமல் ஒரு காலைப் பலகாரம்

வெள்ளைச் சர்க்கரையை வீட்டை விட்டே அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் இப்போது நிறைய. ஆனால் காலையில் பிள்ளைகள் இனிப்பாக ஏதாவது கேட்பார்கள். ஏற்காடு மலையில் வாழவந்தி போன்ற ஊர்களில் இதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது: காப்பித் தோட்டங்களில் பலாவும் வாழையும், சேர்வராயன் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்துவந்த கேழ்வரகும் சாமையும் தினையும்.

வெல்லம் போட்டால் சரியாகிவிடுமா?

பலரும் முதலில் செய்வது வெல்லத்துக்கோ தேனுக்கோ மாறுவதுதான். வெல்லத்தில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு. பெரும்பங்கு அதே கரும்புச் சர்க்கரை. தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. நாம் சேர்க்கும் சர்க்கரையையும், தேன், பழச்சாறு ஆகியவற்றில் இருப்பதையும் உலக சுகாதார நிறுவனம் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. ஒருவர் பெறும் ஆற்றலில் இது 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காடு, அதாவது நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது அதன் 2015 வழிகாட்டுதல். முழுப் பழம் இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று: மலைக்குக் கீழே ஓமலூர் வட்டாரம் வெல்லத்துக்குப் பேர்போனது. அங்கேயே வெல்லத்தில் சர்க்கரை கலப்பதை உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை பிடித்திருக்கிறது. பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தைத் தவிர்த்து, கருத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அதையும் பண்டிகை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது?

தானியம், கிழங்கு, காய் எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. அது உடைந்தால் சர்க்கரையாகும். காய் பழுக்கும்போதும், தானியம் முளைக்கும்போதும், கிழங்கு மெதுவாக வேகும்போதும் நடப்பது இதுதான். சமையலறையில் நாம் செய்ய வேண்டியது, இந்த மாற்றத்துக்கு நேரம் கொடுப்பது.

முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி

கேழ்வரகைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயாமல் அவ்வப்போது நீர் தெளிக்க வேண்டும். சேலத்து வெக்கையில் சீக்கிரம் முளைத்துவிடும்; மலைக்குளிரில் கூடுதலாக ஒரு நாள் பிடிக்கலாம். அடுப்படி ஓரம் கட்டிவைத்தால் குளிர் தாக்காது. சின்னதாக முளை எட்டிப் பார்த்ததும் வெயிலில் நன்றாகக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். கருக வறுத்தால் மணம் கூடும். ஆனால் மாவுச்சத்தை உடைக்கும் நொதி செத்துவிடும்.

மாவைக் கொதிநீரில் கொட்டாதீர்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் கிண்டுங்கள். ஆவி பறக்கத் தொடங்கி, கொதி வருவதற்கு முன் பத்து நிமிடம் அந்தச் சூட்டிலேயே வையுங்கள். நொதி வேலை செய்து கஞ்சி இளகும், தித்திப்பும் வரும். பிறகு நன்றாகக் கொதிக்கவிட்டு, ஒரு சிட்டிகை உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இறக்குங்கள். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பது பிள்ளைகளுக்குக் கூடுதல் லாபம்.

தினைப் பணியாரம்

நான்கு பங்கு தினைக்கு ஒரு பங்கு உளுந்து. ஊறவைத்து அரைத்துப் புளிக்கவையுங்கள். தோல் கறுத்து, கையில் எடுத்தால் குழைகிற வாழைப்பழம் இரண்டைப் பிசைந்து, தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் சேர்த்து, நெய் தடவிய குழியில் ஊற்றுங்கள். பழம் சேர்ந்த மாவு சீக்கிரம் சிவக்கும். தீ குறைவாகவே இருக்கட்டும்.

பலாச்சுளை அடை

பலாப் பருவத்தில் நன்கு பழுத்த சுளைகளைக் கொட்டை நீக்கி மசித்து, கேழ்வரகு மாவும் தேங்காயும் கலந்து பிசைந்து, வாழையிலையில் தட்டி மடித்து ஆவியில் வேகவையுங்கள். தண்ணீர்கூடச் சேர்க்க வேண்டியிருக்காது.

சர்க்கரைவள்ளி

முழுக் கிழங்கைத் தோலோடு இட்லிப் பானையில் சிறுதீயில் வேகவிடுங்கள். அவசரமாக வேகவைத்த கிழங்கைவிட இது இனிக்கும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ஆவியில் வேகும் எதற்கும் சமவெளியில் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பழமும் முளைக்கஞ்சியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். நீரிழிவு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். அவர்களுக்குச் சுண்டலோடு சிறு துண்டுப் பழம் நல்லது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கலாம்.

எங்கே தொடங்குவது?

காப்பியிலிருந்து. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம். இரண்டு வேளைக் காப்பியில் இரண்டிரண்டு கரண்டி என்றால் 16 கிராம் அதிலேயே போய்விடுகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும், பழகிய நாக்குக்குத்தான் கேழ்வரகின் மெல்லிய தித்திப்பு தெரியும். பெரியவர்கள் முதலில் குறைத்தால் பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள்.