உடன்பிறந்தாரை இழந்த இளையோரும் ஆயரின் பணியும்

இளவயது மரணம் நேர்ந்த வீட்டிற்கு ஆயர் செல்லும்போது தந்தைக்கு அருகே அமர்கிறார். தாயின் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறார். அதே வீட்டில் பதினான்கு அல்லது பதினைந்து வயதுள்ள ஒருவன் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டும், வருவோருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டும் இருப்பான். இறந்தவன் அவனுடைய அண்ணன். அவனைப் பார்ப்போர், "அம்மா சாப்பிட்டார்களா?" என்று வினவுவர்; "இனி நீதான் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பர். இவ்வாறு, ஆறுதல் பெற வேண்டியவன் முதல் நாளிலேயே ஆறுதல் கூறுகிறவனாக நியமிக்கப்படுகிறான். கணவனை இழந்தவளுக்கும் பெற்றோரை இழந்தவனுக்கும் நம் மொழியில் பெயருண்டு. உடன்பிறந்தாரை இழந்தவனுக்குப் பெயரில்லை. துக்க வீட்டில் அவனுக்கென்று ஓர் இடமும் இல்லை.

இப்பொருளை மரக்காணம் கடற்கரையை முன்வைத்து ஆராய்வது தகும். ஒருபுறம் மீனவக் குப்பங்களும், மறுபுறம் பரந்த உப்பளங்களும், பக்கிங்காம் கால்வாயும், கழுவெளி நீர்ப்பரப்பும் அமைந்த பகுதி இது. 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாளாகிய ஞாயிறு காலையில் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. தமிழகக் கடற்கரை முழுவதிலும் அன்று மாண்டோரில் பெண்களும் சிறுவருமே மிகுதி. ஆகவே எஞ்சிய பிள்ளைகளுள் பலர் உடன்பிறப்பை இழந்தவர்கள். அன்று பதின்மூன்று வயதாயிருந்தவர்கள் இன்று முப்பதைக் கடந்து, தாங்களே பெற்றோராயிருக்கின்றனர். பிடித்திருந்த தம்பியின் கை அலையில் நழுவிப்போனால் அக்காள் அதைத் தன் குற்றமாகவே எண்ணுகிறாள். எத்தனை பேர் மறுத்துரைத்தாலும் அந்த எண்ணம் எளிதில் அகலுவதில்லை.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசு உதவித்தொகை வழங்கியது. "குடித்துச் செத்தவர்களுக்குப் பணமா?" என்ற ஏச்சும் ஊருக்கு வெளியே எழுந்தது. இத்தகைய சாவில் அண்ணனைப் பறிகொடுத்த பள்ளி மாணவன் வகுப்பில் வாய்விட்டு அழ இயலுமோ? சமுதாயம் ஏற்றுக்கொள்ளாத இத்துயரைக் கென்னத் டோக்கா 1989இல் உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று பெயரிட்டு விளக்கினார். அடக்க ஆராதனையில் நாம் செய்யும் பிரசங்கம் இந்த மறுப்பை உறுதிசெய்யவும் கூடும். குடியின் தீமையைப் பேச அந்த மேடை ஏற்றதன்று.

இழப்பின் அளவையும் நாம் உணரவேண்டும். உப்பளத்தில் பாத்தி மிதிப்பதும், உப்பு வாருவதும், சுமப்பதும் வெயிற்காலத்து வேலைகள். வடகிழக்குப் பருவமழை வந்தால் கூலி நின்றுவிடும். அத்தகைய வீட்டில் மூத்தவன் இறந்தால், இளையவன் ஒரே இரவில் மூத்தவனாகிறான். பள்ளிப் படிப்பும் ஐயத்திற்குரியதாகிறது. பெண் பிள்ளைக்கோ இழப்பு வேறு. அண்ணன் அவளுடைய பிள்ளைகளுக்குத் தாய்மாமன் ஆகவேண்டியவன். காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன். சீர் கொண்டுவர வேண்டியவன். ஆகவே இருபது ஆண்டுகளுக்குப்பின் நிகழும் ஒரு சடங்கில் அவள் மீண்டும் அழுவாள். சுற்றத்தார் அதன் காரணத்தை அறியார்.

வேதாகமத்தில் இத்தகைய இளையோன் ஒருவன் இருக்கிறான். ஆனால் நாம் அவனைக் கவனிப்பதில்லை. யோசேப்பு மாண்டான் என்று நம்பிய யாக்கோபு ஆறுதலை ஏற்க மறுத்ததை ஆதியாகமம் 37 விரிவாகக் கூறுகிறது. ஒரே தாயின் வயிற்றில் பிறந்த பென்யமீன் என்ன செய்தான் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னர் 42ஆம் அதிகாரத்தில், இவனுக்கும் மோசம் நேரிடுமோ என்று தகப்பன் அஞ்சி, அவனை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறான். பிள்ளையை இழந்த பெற்றோர், எஞ்சியதைக் கடலுக்கும் அனுப்பாமல், விளையாடவும் விடாமல் காப்பதை நாம் அறிவோம். 44ஆம் அதிகாரத்தில் யூதாவே அவனுக்காகப் பேசுகிறான். ஆதியாகமம் முழுவதிலும் பென்யமீன் வாய் திறந்து பேசியதாக ஒரு வாக்கியமும் இல்லை. 45ஆம் அதிகாரத்தில், அண்ணனின் கழுத்தில் விழுந்து அழுகிறான், அவ்வளவே. பிற்கால யூத ரபீமார் இந்த மௌனத்தை விட்டுவிடவில்லை. பென்யமீனுடைய பத்துக் குமாரரின் பெயர்களும் காணாமற்போன அண்ணனை நினைத்து இடப்பட்டவை என்று அவர்கள் விளக்கினர். சொற்பிறப்பு நோக்கில் இதில் வலிந்து கூறலும் உண்டு. எனினும் மனித உள்ளத்தை அறிந்தோர் செய்த விளக்கம் அது. இறந்தவரோடுள்ள பிணைப்பை அறுப்பதே துக்கத்தின் முடிவு என்று ஃபிராய்டைப் பின்பற்றி நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 1996இல் கிளாஸ் முதலியோர் தொடரும் பிணைப்பு என்னும் கருத்தை முன்வைத்தனர். ரபீமார் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள்.

நம் வகுப்புகளில் கூப்ளர்-ராஸ் அம்மையாரின் ஐந்து நிலைகளை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர் பலர் உளர். 1969இல் வெளிவந்த அவரது நூல் மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றியது. அதை ஓர் இளைஞனின் துக்கத்திற்கு அளவுகோலாக்கி, "இவன் இன்னும் கோபத்தைத் தாண்டவில்லை" என்று குறிப்பெழுதுவது பொருந்தாது. 1999இல் ஸ்ட்ரூபியும் ஷூட்டும் கூறியதே இங்கு அதிகம் பயன்படும். துக்கிப்பவர் இழப்பை நோக்கியும், அன்றாட வாழ்வை நோக்கியும் மாறிமாறிச் செல்கின்றனர் என்பது அவர்கள் கருத்து. காலையில் கபடி ஆடிச் சிரித்தவன் இரவில் அண்ணனின் சட்டையை முகர்ந்து அழுவது இயல்பே. "அண்ணன் செத்து ஒரு மாதமாகவில்லை, ஆட்டத்தைப் பார்" என்னும் அத்தைமாரின் பேச்சுக்கு ஆயரே விடை கூறவேண்டும்.

யோவான் 11இல் மார்த்தாளும் மரியாளும் ஒரே முறையீட்டையே ஆண்டவரிடம் வைக்கின்றனர். மார்த்தாளோடு அவர் உயிர்த்தெழுதலைக் குறித்து உரையாடுகிறார். மரியாளிடம் விளக்கம் ஏதும் கூறாமல், கல்லறை எங்கே என்று கேட்டு, கண்ணீர் விடுகிறார். ஒரே வீட்டில், ஒரே சகோதரனை இழந்த இருவருக்கு இருவேறு மறுமொழிகள்! "ஆண்டவர் நல்லவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார்" என்று நாம் கூறுவதைக் கேட்கும் இளையவன், 'அப்படியானால் நான் நல்லவனல்லவோ?' என்று கணக்கிடுவான்.

மேய்ப்புப் பணியில் 'ஆற்றுப்படுத்துதல்' என்னும் சொல்லை நாம் எடுத்தாளுகிறோம். ஆறு என்பது வழி. தான் சென்று வந்த வழியைப் பாணன் மற்றொரு பாணனுக்குக் காட்டுவதே ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலர் துணிபு. சபையில் இளமையில் உடன்பிறப்பை இழந்த மூத்தோர் ஒருவரேனும் இருப்பர். அவரை அழைத்துச் சென்று, வரப்பின்மீது அவனோடு நடக்கவிடுவது, நாம் அறையில் அமர்த்திக் கேள்வி கேட்பதைவிட நன்று.

சாக விரும்புவதாகப் பேசுதல், மாதக்கணக்கில் பள்ளிக்குச் செல்லாமை, குடியை நாடுதல் ஆகியவற்றைக் கண்டால் ஜெபத்தோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்திற்கான அழைப்பிதழில் பெற்றோர், பெரியப்பா, மாமா பெயர்களுக்குப்பின், இடமிருந்தால் தம்பி தங்கையின் பெயர் அச்சாகும். அச்சகத்திற்கு அனுப்புமுன், எந்தப் பாட்டைப் பாடலாம், எந்தப் புகைப்படத்தைப் போடலாம் என்று அவர்களிடம் கேட்டால், பெற்றோர் அறியாத ஒரு புகைப்படத்தை அவர்கள் தங்கள் கைப்பேசியிலிருந்து எடுத்துத் தருவார்கள்.