மேடையிலே வீற்றிருப்பவர்கள் யார், யார்?

சேப்பாக்கத்திலே, கடற்கரைக் காற்று வீசும் சென்னைப் பல்கலைக் கழக வளாகத்திலே, பட்டமளிப்பு விழா. நீண்ட அங்கி அணிந்த பெரியவர்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். மண்டபமே எழுந்து நிற்கிறது. கடைசி வரிசையிலே ஒரு தகப்பனார் நிற்பதாக எண்ணிப் பாருங்கள், தோழர்களே! துறைமுகத்திலே மூட்டை சுமந்து காய்த்துப்போன தோள். மகள் பட்டம் வாங்குவதைக் கண்ணாரக் காண வேண்டும் என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். மேடையை அண்ணாந்து பார்க்கிறார். "இவங்கெல்லாம் யாரு தம்பி?" என்று பக்கத்திலே இருப்பவரைக் கேட்கிறார். "பெரிய மனுசங்க, ஐயா!" என்கிறார் அவர். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

அத்தோடு முடியக்கூடாது என்கிறோம் நாம்.

ஆலையிலே மேனேஜர் யார், மேஸ்திரி யார், சம்பளக் கணக்கு எழுதுபவர் யார் என்பது தொழிலாளிக்குத் தெரியும். சம்பளத்திலே நூறு ரூபாய் குறைந்தால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால், அதே தொழிலாளியின் மகனுக்கு மதிப்பெண் பட்டியல் வரவில்லை என்றால்? கட்டிய கட்டணத்துக்குக் கணக்கு இல்லை என்றால்? படித்து முடித்தும் பட்டச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்றால்? வாயிற் காவலரைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். காரணம், உள்ளே யாருக்கு என்ன வேலை என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்வோம். ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறோம்.

வேந்தரும் இணைவேந்தரும்

1857 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தது சென்னைப் பல்கலைக் கழகம். அதே ஆண்டிலேதான் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பல்கலைக் கழகங்கள் பிறந்தன. மூன்றுக்கும் லண்டன் பல்கலைக் கழகமே முன்மாதிரி. சென்னை மாகாண கவர்னர் யாரோ, அவரே வேந்தர் என்று அன்றைய வெள்ளையர் சட்டம் சொல்லிற்று. முதல் வேந்தர் ஹாரிஸ் பிரபு. வெள்ளையர் போனார்கள், கவர்னர் பதவி நின்றது, பதவியோடு வேந்தர் என்ற பட்டமும் நின்றது. இன்றைக்கும் இந்தப் பல்கலைக் கழகத்தின் அடிப்படைச் சட்டமாக இருக்கும் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆளுநரையே வேந்தராக்கியிருக்கிறது.

வேந்தர் என்றவுடன் அன்றாடம் கோட்டை வாசலிலே இருந்து ஆளுபவர் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்குவார். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவர் கையிலே கொடுத்தது. பெரிய அதிகாரம்தான், ஆனால் உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியல் அவர் மேசையிலே இல்லை.

அடுத்தவர் இணைவேந்தர். உயர்கல்வித் துறை அமைச்சரே இணைவேந்தர். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வந்தவர்களின் ஆட்சியிலே ஒருவர். ஆகவே, மேடையிலே இருப்பவர்களில் நாம் நேருக்கு நேராகக் கேள்வி கேட்கக் கூடியவர் அவர்தான் என்பதை மறவாதீர்கள்.

துணைவேந்தர்

பெயரிலே 'துணை' இருக்கிறது; வேலையிலே அவர்தான் முதல்வர். கப்பலுக்குச் சொந்தக்காரர் கரையிலே இருக்கலாம். சுக்கானைப் பிடித்திருப்பவர் துணைவேந்தர். ஆட்சிக்குழு கூடினால் தலைமை வகிப்பவர் அவர்.

அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? மூவர் கொண்ட தேடல் குழு. பல்கலைக் கழகப் பேரவை ஒருவரையும், ஆட்சிக்குழு ஒருவரையும், வேந்தர் ஒருவரையும் அனுப்புவார்கள். அந்த மூவரும் மூன்று பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். அதிலே ஒருவர் துணைவேந்தர். பதவிக் காலம் மூன்றாண்டு. இது சட்டம் போட்ட வழி.

"யார் வந்தால் என்ன? நமக்கு என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். வரலாற்றைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்!

டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள் அந்த நாற்காலியிலே இருந்தார். மகப்பேறு மருத்துவர். 1952-இலே இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கும் அவரே தலைவர். அவர் வந்த காலத்திலே நாடு அடிமை. போன காலத்திலே நாடு குடியரசு. ஒரே மனிதர் ஒரு தலைமுறைக்கே வழி வகுத்தார் என்றால் மிகையாகாது. ஒரே மனிதர் இத்தனை ஆண்டு இருப்பது நல்லதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியும் நியாயந்தான்.

அவருக்குப் பின் 1969-இலே வந்தார் நெ. து. சுந்தரவடிவேலு. யார் அவர்? காமராசர் ஆட்சியிலே பொதுக் கல்வி இயக்குநராக இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே பகலுணவு போடும் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர். பட்டினியோடு பள்ளிக்கு வந்த பிள்ளையின் முகத்தை அறிந்தவர் துணைவேந்தர் நாற்காலிக்கு வந்தார். அவரை அடுத்து 1975-இலே வந்தார் மால்கம் ஆதிசேசய்யா. யுனெஸ்கோவிலே உயர் பொறுப்பு வகித்த பொருளாதார அறிஞர்.

இன்னும் பக்கத்திலே வருவோம். 2010-11 கல்வியாண்டிலே, இணைப்புக் கல்லூரிகளிலே ஏழை மாணவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் இலவசக் கல்வித் திட்டத்தை இந்தப் பல்கலைக் கழகம் தொடங்கியது. அது வானத்திலிருந்து விழவில்லை. பொறுப்பிலே இருந்தவர்கள் கூடினார்கள், முடிவெடுத்தார்கள், கல்லூரிகளுக்குத் தாக்கீது அனுப்பினார்கள். அதனால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். இனி யாராவது, "யார் வந்தால் என்ன?" என்று கேட்பார்களா?

மூன்று அலுவலர்கள், மூன்று கதவுகள்

துணைவேந்தருக்கு அடுத்து மூவர். இவர்கள் பெயர் செய்தித்தாளிலே பெரிதாக வராது. ஆனால் நமக்கு வேலை இருப்பது இவர்களிடந்தான்.

பதிவாளர்: பல்கலைக் கழகத்தின் ஆவணங்களுக்குக் காவலர். அதன் பெயராலே போகிற கடிதம், வருகிற வழக்கு, கூடுகிற கூட்டத்தின் குறிப்பு எல்லாம் அவர் கைவழியே போகும். துணைவேந்தர் மாறுவார், பதிவேடு மாறாது. நிர்வாகத்தைப் பற்றிய முறையீடா? முகவரி, பதிவாளர்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்: தேர்வு நாள் குறிப்பது, நுழைவுச் சீட்டு அனுப்புவது, விடைத்தாள் திருத்துவது, முடிவு வெளியிடுவது, மறுமதிப்பீடு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் அவர் பொறுப்பு. பிறந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்தப் பல்கலைக் கழகம் பெரும்பாலும் தேர்வு நடத்துகிற வேலையைத்தான் செய்தது; பாடம் சொன்னவை கல்லூரிகள். அந்த முதல் தேர்விலே தேறிப் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. அழிந்துபோக இருந்த கலித்தொகையைத் தேடியெடுத்து 1887-இலே அச்சேற்றினாரே, அவரேதான். தேர்வு என்பது வெறும் எண் அல்ல, தோழர்களே. ஒரு மனிதனின் உழைப்புக்குக் கொடுக்கும் கூலி. அந்தக் கூலியை நாள் தவறாமல், கணக்குப் பிசகாமல் கொடுப்பது இந்த அலுவலரின் கடமை.

நிதி அலுவலர்: வரவு, செலவு, சம்பளம், ஓய்வூதியம், தணிக்கை. இந்த மனிதர் முகம் மேடையிலே தெரியாது. ஆனால் 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே வருமான வரித் துறை பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது, கணக்குப் புத்தகம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எல்லாருக்கும் புரிந்தது. வகுப்பறையைப் பெருக்குபவர் முதல் ஓய்வுபெற்ற பேராசிரியர் வரை, "சம்பளம் வருமா, ஓய்வூதியம் வருமா?" என்று கேட்கிற நிலை வந்தது.

இவர்களோடு இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தொலைதூரக் கல்வி நிறுவனத்தின் இயக்குநர். 1981-இலே தொடங்கிய அந்த நிறுவனம், பகலிலே வேலை பார்த்து இரவிலே படிக்கிற நம் தோழர்களுக்காகத் திறந்த வாசல். ஷிப்டு முடிந்து வந்து, விளக்கடியிலே புத்தகத்தை விரிக்கிறவனுக்கு அவர்தான் கல்லூரி முதல்வர்.

மூன்று மன்றங்கள்

தனி மனிதர்களை மட்டும் பார்த்தால் போதாது. அவர்களைக் கட்டுப்படுத்த மூன்று மன்றங்கள் உண்டு. பேரவை, அதாவது செனட். ஆட்சிக்குழு, அதாவது சிண்டிகேட். பாடத் திட்டத்தையும் படிப்பின் தரத்தையும் பார்க்கிற கல்விக்குழு.

ஆட்சிக்குழுதான் நிர்வாகத்தின் இருதயம். அதிலே அரசுச் செயலாளர்களும் இடம் பெறுகிறார்கள், ஆசிரியர்களும் இடம் பெறுகிறார்கள். பேரவையோ பரந்த மன்றம். சட்டமன்ற உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் அதிலே உட்காருகிறார்கள். இன்னொன்று கேளுங்கள்: பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் வாக்களித்துத் தம் பிரதிநிதியைப் பேரவைக்கு அனுப்பலாம் என்றும் சட்டத்திலே இருக்கிறது! நம் பேட்டையிலே பட்டதாரிகள் இல்லையா? ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பதிவு செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று கிளைக் கூட்டத்திலே கைதூக்கச் சொல்லுங்கள், விடை தெரியும்.

காலி நாற்காலி

இத்தனை பேரை அறிமுகப்படுத்திவிட்டு ஒரு வேதனையையும் சொல்லத்தான் வேண்டும். 2023 ஆகஸ்டிலே துணைவேந்தரின் பதவிக் காலம் முடிந்தது. அடுத்தவர் வரவில்லை. தேடல் குழுவிலே பல்கலைக் கழக மானியக் குழுவின் ஆள் ஒருவர் வேண்டும் என்றார் வேந்தர். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலே அப்படி இல்லை என்றது மாநில அரசு. 2024 போயிற்று, 2025-உம் வந்தது, நாற்காலி காலியாகவே கிடந்தது. உயர்கல்விச் செயலாளர் தலைமையிலே ஒரு குழு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது.

இதற்கிடையே, மாநிலத்துப் பல்கலைக் கழகங்கள் பலவற்றிலே துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற வழக்கு நீதிமன்றப் படிகளிலே ஏறியது. ஆளுநர் நிறுத்தி வைத்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையே என்று 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சொன்னது. மே 21-ஆம் நாள், அவற்றிலே துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

யார் பக்கம் சட்டம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது வேறு. மாலுமிகள் சண்டையிலே கப்பல் நடுக்கடலிலே நிற்கலாமா? ஆலையிலே மேனேஜர் நாற்காலி ஒரு மாதம் காலியாக இருந்தால் முதலாளி பொறுப்பாரா? ஏழைப் பிள்ளைகள் படிக்கிற இடத்திலே மட்டும் ஆண்டுக் கணக்காகப் பொறுக்கலாம் என்று யார் சொன்னது? பணமுள்ளவர் பிள்ளை தனியார் பல்கலைக் கழகத்துக்கும் போகும், கடல் கடந்தும் போகும். நம் பிள்ளைக்கு இதை விட்டால் போக்கிடம் ஏது?

நாம் செய்ய வேண்டியது

குழுவிலே பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். பழியைப் பகிர்ந்துகொள்ள யாரும் முன்வர மாட்டார்கள். ஆகவே, எந்த வேலை யாருடையது என்று நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களே, படிப்பகச் சுவரிலே ஒரு தாள் ஒட்டுங்கள். நிர்வாகம் என்றால் பதிவாளர். தேர்வு என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். பணம் என்றால் நிதி அலுவலர். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது என்றால் தொலைதூரக் கல்வி இயக்குநர். கொள்கை என்றால் துணைவேந்தரும் ஆட்சிக்குழுவும். பட்டதாரித் தோழர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளட்டும்.

கதவைத் தட்டியும் திறக்கவில்லையா? 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. முப்பது நாளிலே பதில் தர வேண்டும். திருத்திய விடைத்தாளை எழுதியவரே பார்க்கலாம் என்று 2011-இலே உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கெஞ்ச வேண்டாம், கோபமும் வேண்டாம். பெயரை எழுதி, பதவியை எழுதி, நாளைக் குறித்து, ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த பட்டமளிப்பு விழாவிலே, அதே கடைசி வரிசையிலே, இன்னொரு தகப்பனார் நிற்பார். "இவங்கெல்லாம் யாரு தம்பி?" என்று கேட்பார். பக்கத்திலே நம் தோழர் ஒருவர் இருக்கட்டும். "பெரிய மனுசங்க" என்று சொல்லி நிறுத்தாமல், "ஐயா, நடுவிலே இருக்கிறவர் வேந்தர், அவருக்குப் பக்கத்திலே உங்க ஓட்டு வாங்கி அமைச்சரானவர், அதோ அந்தக் கோடியிலே இருக்கிறவர்தான் உங்க மக பரீட்சைக்குப் பொறுப்பு" என்று விரல் நீட்டிச் சொல்லட்டும். அன்றைக்குத்தான் அந்த மேடை நமக்கும் சொந்தமாகும்.