பல்லுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு நவம்பர் வாக்கில் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அடுத்த ஆண்டுக்கான காப்பீடுகளைத் தேர்வு செய்யச் சொல்லும். மருத்துவக் காப்பீட்டில் யோசிக்க ஒன்றுமில்லை. அது இல்லாமல் அந்த ஊரில் காலம் தள்ள முடியாது. பல் காப்பீடு என்ற கட்டத்துக்கு வந்ததும்தான் கை நிற்கும்.

பெயரில் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே தவிர, நடப்பில் இது இன்ஷூரன்ஸ் மாதிரி இல்லை. மருத்துவக் காப்பீட்டில் நம் கைக்காசுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பல் காப்பீட்டில் வரம்பு கம்பெனிக்கு! பெரும்பாலான திட்டங்கள் ஆண்டுக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரைதான் கொடுக்கும். மிச்சமெல்லாம் நம் தலையில். தூறலுக்கு விரிந்து, அடைமழைக்கு மடங்கிக்கொள்கிற குடை இது.

1954-ல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் கிடைக்க அவர்களது சங்கமும் கப்பல் கம்பெனிகளும் சேர்ந்து செய்த ஏற்பாட்டிலிருந்துதான் இந்தத் தொழில் வளர்ந்தது. இன்றைய பல் காப்பீட்டு நிறுவனமான டெல்டா டென்டலின் வேர் அங்கே இருக்கிறது. 1,000 டாலர் வரம்பு பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. வைத்தியச் செலவு எங்கேயோ போய்விட்டது; வரம்பு பெரிதாக அசையவில்லை.

பணம் கொடுக்கும் முறை பொதுவாக 100-80-50. கிளீனிங், பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவற்றுக்கு முழுப் பணம். சொத்தை அடைப்பது, சாதாரணமாகப் பல் பிடுங்குவது போன்றவற்றுக்கு 80 சதவீதம். கிரவுன், பிரிட்ஜ், கட்டுப்பல் என்று போனால் 50 சதவீதம். ரூட் கேனால் சில திட்டங்களில் 80-ல் இருக்கும், சிலவற்றில் 50-ல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர் மாறும், இவை உதாரணத்துக்குத்தான். பிரீமியம் மாதம் 40 டாலர், ஆண்டுக்கு 480. வரம்பு 1,500. முதல் 50 டாலர் நம் பொறுப்பு (டிடக்டிபிள்; கிளீனிங்குக்குப் பெரும்பாலும் கிடையாது). இரண்டு கிளீனிங்கும் பரிசோதனையும் ரொக்கமாகக் கொடுத்தால் 400 ஆகிறது என்று வையுங்கள். வாயில் கோளாறு எதுவும் இல்லாவிட்டால் 480 கட்டி 400 வாங்கியிருக்கிறீர்கள். 80 டாலர் நஷ்டம்.

அதே ஆண்டில் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு 1,200 டாலரில் ரூட் கேனாலும் 1,300 டாலரில் கிரவுனும் தேவைப்படுகிறது. ரூட் கேனாலுக்கு 80 சதவீதம் என்றால், கிளீனிங்கையும் சேர்த்துக் கம்பெனி 1,970 டாலர் தர வேண்டும். வரம்பு 1,500 என்பதால் அதோடு நின்றுவிடும். கட்டிய பிரீமியத்தைக் கழித்தால் உங்களுக்கு மிச்சம் 1,020 டாலர்.

இதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரம்பு பெரும்பாலும் ஜனவரியில் புதுப்பிக்கப்படும். ரூட் கேனாலை டிசம்பரிலும் கிரவுனை ஜனவரியிலும் வைத்துக்கொண்டால், புது டிடக்டிபிள் போகக்கூட இதே வைத்தியத்துக்கு 445 டாலர் கூடுதலாகக் கிடைக்கும். தள்ளிப்போடலாமா என்பதைப் பல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வரவேற்பில் இருக்கும் பெண்மணிக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துபடி, கேட்டால் சொல்வார்.

இந்தக் கணக்கில் சேராத லாபம் ஒன்றும் உண்டு. கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட டாக்டரிடம் போனால், அவர் பட்டியல் விலையை வாங்க முடியாது, ஒப்பந்த விலைதான். அது கணிசமாகக் குறைவாக இருக்கும். பல திட்டங்களில் வரம்பு தீர்ந்த பிறகும் அந்த விலை செல்லும்.

சிக்கல்களெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். தனியாக வாங்கும் திட்டங்களில் கிரவுன் மாதிரியான பெரிய வைத்தியங்களுக்கு 6 முதல் 12 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். வலி வந்த பிறகு ஓடிப்போய் வாங்கிப் பயனில்லை. பாலிசி எடுக்கும் முன்பே விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல் கட்டப் பணம் தராத திட்டங்கள் ஏராளம். பல் நிறத்தில் அடைத்தாலும் வெள்ளி அடைப்பின் விலையைத்தான் தருவேன் என்று சொல்பவையும் உண்டு. பலர் ஏமாறுவது கிளீனிங்கில். ஈறு வீங்கிப் பல்லின் வேர் வரைக்கும் காரை படிந்திருந்தால் டாக்டர் ‘டீப் கிளீனிங்’ என்பார். கிளீனிங்தானே, இலவசம் என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவோம். அது வேறு வகுப்பு. நூற்றுக்கணக்கில் பில் வரும்.

அலுவலகம் பிரீமியத்தில் பாதியாவது கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மேலே சொன்ன கணக்கில் 240 கட்டினால் 400 கிடைக்கிறது. முழுப் பிரீமியமும் உங்கள் பணம், வாயும் சுத்தம் என்றால் வேண்டாம். அந்தத் தொகையைத் தனியே போட்டு வைக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை உண்டா என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கம்பி கட்டும் வயது என்றால் ஆண்டு வரம்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; கம்பிக்குத் தனியாக ஆயுள் வரம்பு இருக்கும்.

மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள் பிரீமியத்தில் 80, 85 சதவீதத்தை வைத்தியத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. பல் காப்பீட்டுக்கு நாடு தழுவி அப்படி எதுவும் கிடையாது. மாசசூசெட்ஸ் மக்கள் 2022-ல் வாக்களித்து 83 சதவீதம் என்று கட்டாயப்படுத்தினார்கள். அப்படிச் சட்டம் இல்லாத மாநிலக்காரர்கள் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊருக்குப் போகும்போது சென்னையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம்மவர்களின் வழக்கமான பதில். ரூட் கேனாலும் கிரவுனும் ஒரு விடுமுறைக்குள் முடியும். இம்பிளான்ட் அப்படியில்லை. எலும்பில் பதித்த திருகு பிடிக்கவே சில மாதம் ஆகலாம். இரண்டு பயணம் என்றால் டிக்கெட் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து பெற்றோரை அழைப்பவர்கள் விமானம் ஏறும் முன்பே அவர்களைப் பல் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. விசிட்டர் இன்ஷூரன்ஸில் பல்லுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடிபட்டாலோ திடீர் வலி வந்தாலோ கொடுக்கும் சிறு தொகைதான்.