எட்டுப் பேர் படகுக்கு ஏழு பேர் வந்தால்

எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகுக்கு ஏழு பேர் வந்து சேர்ந்தால் அன்றைக்கு அந்தப் படகு தண்ணீரில் இறங்காது. பிள்ளையை ரோயிங் குழுவில் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். சேர்க்கைப் படிவத்தோடு ஒரு விதிமுறைத் தாளும் கையில் கொடுப்பார்கள். விடுப்பு வேண்டுமென்றால் முந்தின இரவே சொல்ல வேண்டும், தாமதமாக வந்தால் படகில் இடமில்லை, காரணமில்லாமல் தொடர்ந்து வராதவரைப் போட்டிக் குழுவில் சேர்க்க மாட்டோம் என்றெல்லாம் அதில் இருக்கும். வாசித்ததும் “என்ன, பள்ளிக்கூடத்தைவிடக் கெடுபிடியா இருக்கே!” என்று தோன்றும். கெடுபிடிதான். ஆனால் அதில் பெரும்பகுதி படகின் அமைப்பிலிருந்தே வருகிறது.

கிரிக்கெட்டில் ஒருவர் வர நேரமானால் பத்துப் பேரோடு ஃபீல்டிங்கை ஆரம்பித்துவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. எட்டுப் பேர் படகில் ஒவ்வொருவருக்கும் ஒரே துடுப்பு. நான்கு இடப்பக்கம், நான்கு வலப்பக்கம். படகின் நீளம் 17 மீட்டருக்கும் மேல். அகலமோ ஓர் ஆள் உட்காரும் அளவுதான். அது சாயாமல் நிற்பதே இரு பக்கமும் நீட்டியிருக்கும் துடுப்புகளால்தான். ஓர் இருக்கை காலியானால் வேகம் மட்டும் குறைவதில்லை, படகின் சமநிலையே கெடுகிறது. ஒரு பிள்ளை தூங்கிவிட்டால் மற்ற ஏழு பிள்ளைகளும், திசை பிடிக்கும் காக்ஸும், விடிவதற்கு முன்பே எழுந்து கொண்டுவந்து விட்ட அவர்கள் வீட்டாரும் அந்தக் காலையை இழக்கிறார்கள். இருவர் படகில் கணக்கு இன்னும் மோசம். அங்கே வராத ஒருவர் படகில் பாதி.

ரோயிங் நம் ஊருக்குப் புதிதல்ல. அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. கொழும்பு ரோயிங் கிளப் அதைவிட மூன்று வருடம் மூத்தது. இரு கிளப்புகளுக்கும் இடையிலான சென்னை–கொழும்பு பந்தயம் 1898இல் ஆரம்பமானது. பெரியவர்களின் பொழுதுபோக்காக இருந்த இந்த விளையாட்டில் பிற்பாடுதான் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆகவே பயிற்சி, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். இன்னொரு காரணம் காற்று. சென்னையில் வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து தண்ணீர் அலைபாயத் தொடங்கும். விடியற்காலையில் ஆறு தட்டையாகக் கிடக்கும். துடுப்பு தண்ணீருக்குள் எப்படி இறங்குகிறது, எப்படி வெளியே வருகிறது என்று கற்றுக்கொள்ள அந்த ஒன்றரை மணி நேரம்தான் வாய்க்கிறது. ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் ஆறு மணிக்குப் படகு தோளில் இருக்க வேண்டும். பிள்ளை வந்து இறங்க வேண்டியது அதற்கு முன்பே. உடம்பைத் தளர்த்த வேண்டும், துடுப்புகளைக் கரைக்கு எடுத்துவர வேண்டும், மரையாணிகள் இறுகியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நேரம் தவறாமை இந்த விளையாட்டின் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உலக ரோயிங் அமைப்பின் விதிப்படி, பந்தயம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே படகு தொடக்கக் கோட்டில் தன் இடத்தில் நிற்க வேண்டும். தாமதமாக வரும் குழுவுக்கு மஞ்சள் அட்டை. அதன்பின் முந்திக் கிளம்பித் தவறான தொடக்கமும் செய்துவிட்டால் இரண்டாவது மஞ்சள், அந்தப் பந்தயத்திலிருந்து வெளியேற்றம். எட்டுப் பேரில் ஒருவர் கழிப்பறையிலிருந்து வர நேரமானதற்காக ஒன்பது பேரும் அந்த ஆபத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். தினமும் காலையில் நேரத்துக்கு வந்து பழகிய குழுவுக்குப் போட்டி நாளில் இந்தப் பதற்றம் இருக்காது.

அப்படியானால் விடுப்பே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம், சொல்லிவிட்டு எடுக்கலாம். என் பார்வையில், இந்த விதிகளில் மிக முக்கியமானது வருகைச் சதவீதமல்ல, முன்கூட்டிச் சொல்வதுதான். “சார், லேசா காய்ச்சல் இருக்கு, நாளைக்கு வர முடியாது” என்று இரவு எட்டு மணிக்கு ஒரு செய்தி போனால், கோச் எட்டுப் பேர் படகை விட்டுவிட்டு ஒரு நால்வர் படகும் ஒரு இருவர் படகும் இறக்குவார். மீதி ஒருவரை எர்கோ என்னும் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைப்பார். யாருடைய காலையும் வீணாகாது. அதே செய்தி காலை ஐந்தே முக்காலுக்கு வந்தால் எல்லாரும் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். செய்தியைப் பிள்ளையே அனுப்புவது நல்லது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லிப் பழக வேண்டும். அம்மாவோ அப்பாவோ அதை ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போதும்.

நம் ஊரில் பெரிய சிக்கல் டியூஷனும் பொதுத்தேர்வும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்குக் காலையிலும் டியூஷன் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் டியூஷன், மூன்று நாள் படகு என்று ஜூன் மாதத்திலேயே கோச்சிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மார்ச்சில் தேர்வு வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜனவரியில் திடீரென்று நின்றுவிடுவதுதான் குழுவை உடைக்கிறது. முன்பே தெரிந்தால் கோச் அந்தப் பிள்ளையைத் தனியாள் படகில் வைக்கலாம். அதில் அவர் வராத நாளில் யாருக்கும் நட்டமில்லை. தேர்வு முடிந்ததும் மறுபடி குழுவுக்குள் கொண்டுவரலாம். படிப்பைப் பற்றிப் பேசவே முடியாதபடி ஒரு கோச் நடந்துகொண்டால், அது குழுவின் குறைதான். பிள்ளை அதற்காகக் கூச வேண்டாம்.

போட்டிக் குழுவில் யார் உட்காருவது என்று தீர்மானிக்கும்போதும் வருகை கணக்கில் வரும். இரண்டு நால்வர் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவிட்டு, ஒவ்வொரு படகிலிருந்தும் ஒருவரை மட்டும் இடம் மாற்றி, மறுபடியும் ஓட்டிப் பார்ப்பார்கள். எர்கோவில் நல்ல நேரம் காட்டும் பிள்ளை படகில் மற்றவர்களோடு இசையாமல் போவது இதில் தெரிந்துவிடும். பலம் குறைந்த ஒருவர் ஏறினால் படகு வேகமெடுப்பதும் தெரியும். சேர்ந்து ஓட்டியே பழகாதவரை இப்படிச் சோதிக்கவே வழியில்லை.

காய்ச்சல், வாந்தி, இருமல் இருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். குழு முழுக்கத் தொற்ற வைக்க வேண்டாம். கை கால் சுளுக்கு என்றால் கதை வேறு. வந்து கரையில் நிற்கலாம், கோச்சின் மோட்டார் படகில் ஏறி நேரம் குறிக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது தன் குழுவின் தவறுகள் தனக்கே புரியும்.

இனி நடத்தை. அது தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே, கொட்டகையிலேயே ஆரம்பிக்கிறது. எட்டுப் பேர் படகின் எடை விதிப்படி குறைந்தது 96 கிலோ. அந்த நீளத்துக்கு அது மிகக் குறைவு. ஓடு அவ்வளவு மெல்லியது. ஒரு கதவு நிலையில் இடித்தாலே விரிசல் விடும். அதனால் படகைத் தூக்கும்போது காக்ஸ் ஒருவர்தான் பேசுவார். கோயில் புறப்பாட்டில் சாமியைத் தோளில் ஏந்தி வருபவர்கள் உயரம் பார்த்து நின்று, ஒரே குரலுக்கு ஒரே அடி எடுத்துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். படகைத் தூக்கி வருவதும் அப்படித்தான். அந்த நேரத்தில் போனை எடுப்பது, நண்பனைப் பார்த்துச் சிரிப்பது, “டேய், தள்ளு” என்று கத்துவது எல்லாம் கூடாது. படகில் ஏறும்போது, இருக்கை நகரும் தண்டவாளங்களுக்கு நடுவே குறித்திருக்கும் பலகையில் மட்டும் கால் வைக்க வேண்டும். வேறெங்கு மிதித்தாலும் கால் ஓட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். பயிற்சி முடிந்ததும் கழுவித் துடைத்து அதன் இடத்தில் ஏற்றும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. பள்ளி வேன் காத்திருக்கிறது என்று துடைக்கும் வேலையிலிருந்து தினமும் நழுவும் பிள்ளையைக் குழு சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும்.

தண்ணீரில் காக்ஸின் சொல்லே இறுதி. துடுப்புப் போடுபவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டுப் பேர் படகில் முன்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது காக்ஸ் ஒருவர்தான். அந்தக் காக்ஸ் எட்டாம் வகுப்புச் சிறுமியாக இருக்கலாம், துடுப்புப் போடுபவர்கள் பிளஸ் டூ அண்ணன்களாக இருக்கலாம். அவள் “ஈஸி ஓர்” என்றால் எல்லாத் துடுப்பும் உடனே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்பது கரைக்கு வந்த பிறகு. எதிரே மிதக்கும் மரக்கட்டையோ இன்னொரு படகோ இருக்கும்போது விளக்கம் கேட்க நேரமிருக்காது. வயதில் இளையவரின் கட்டளைக்குப் பணிவது நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு எளிதில் வராது. அதனால்தான் இதை முதல் வாரத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டும்.

நீச்சல் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றக் கூடாது. இதில் சலுகையே வேண்டாம். உடுப்போடு 50 மீட்டராவது நீந்தவும், சற்று நேரம் ஒரே இடத்தில் மிதந்து நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரை பக்கத்தில்தானே என்று தனியே நீந்திப் போவதில்தான் உயிர் போகிறது. படகு மிதக்கும், மீட்க வருபவர் கண்ணிலும் படும். படகில் காலணிகள் பலகையோடு பொருத்தியிருக்கும். குதிகால் பகுதியில் ஒரு சிறு கயிறு கட்டியிருப்பார்கள். கவிழும்போது கால் தானாகக் கழன்றுவர உதவுவது அதுதான். தினமும் உட்கார்ந்ததும் முதலில் அதை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடி கேட்டால் பயிற்சி நின்றுவிடும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம்.

அடையாறு போன்ற நகர ஆற்றில் ஓட்டும் பிள்ளைக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். புதிதாகத் துடுப்புப் பிடிக்கும் எல்லாருக்கும் உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடையும். அந்தப் புண்ணோடு அழுக்குத் தண்ணீரில் கைவைக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி தோல் வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும், மழை வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆபத்து இன்னும் அதிகம். பிளாஸ்டர் போட்டு மூட வேண்டும். கரை ஏறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டும். புண் பெரிதாக இருந்தால் இரண்டு நாள் ஓய்வு. இந்த விடுப்பைக் கோச் மறுக்கக் கூடாது.

தோற்ற பிறகு எப்படிப் பேசுவது என்பதையும் எழுதிவைத்திருக்கும் குழுக்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் எட்டுப் பேர் படகு இறுதிப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவர் துடுப்பை விட்டுப் பின்னால் சாய்ந்துவிட்டார். அணி கடைசியாக வந்தது. உடல் அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை என்றார் அவர். சக வீராங்கனைகளின் கோபம் கேமராக்களுக்கு முன்னாலேயே வெளிப்பட்டது, அந்தச் சண்டை பத்திரிகைகளில் வெகுநாள் ஓடியது. ஒருவர் நின்றால் எட்டுப் பேரும் நிற்கிறார்கள் என்பதை உலகமே பார்த்தது உண்மை. அதே அளவு உண்மை, பிறகு நடந்த பேச்சு அந்தத் தோல்வியைவிட ஆழமாகக் காயப்படுத்தியது என்பதும். பிள்ளைகளின் குழுவில் இது சின்ன அளவில் அடிக்கடி நடக்கும். ஒருவரின் துடுப்பு தண்ணீரில் சிக்கிக்கொள்ளும், படகு தடுக்கென்று நிற்கும், பந்தயம் போய்விடும். கரைக்கு வந்து அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித் திட்டுவதும், வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட்டுக் கேலி செய்வதும் விதிமீறலாகவே பார்க்கப்பட வேண்டும். கோச் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசும்வரை யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. பெற்றோருக்கும் இதுவே பொருந்தும்.

விதிகள் பெரியவர்களையும் கட்டுப்படுத்த வேண்டும். எடையைக் குறைக்கச் சொல்லிப் பிள்ளையைப் பட்டினி போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் எடை குறைந்தோருக்கென்று தனிப் பிரிவே கிடையாது. காக்ஸாக வரும் சிறுவனையும் இளைக்கச் சொல்ல வேண்டியதில்லை; சர்வதேசப் போட்டிகளில் காக்ஸுக்குக் குறைந்தபட்ச எடை 55 கிலோ, குறைந்தால் படகில் எடைக்கட்டி ஏற்றுவார்கள். தாமதத்துக்குத் தண்டனையாக அடிப்பது, மற்றவர் முன் அவமானப்படுத்துவது, சோர்ந்து விழும்வரை ஓடவிடுவது எதையும் ஏற்க வேண்டாம். கோச் பிள்ளைக்கு அனுப்பும் செய்திகள் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் வர வேண்டும். உடை மாற்றும் அறை, வெளியூர்ப் போட்டியில் தங்கும் அறை, உடன்வரும் பெண் பொறுப்பாளர் ஆகியவற்றைப் பற்றிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். 2012இன் போக்சோ சட்டம் விளையாட்டுக் களத்துக்கும் பொருந்தும் என்பதை அறிந்த நிர்வாகம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

பிள்ளைக்கு இது பிடிக்காமலும் போகலாம். முதல் இரண்டு மாதம் குளிர்காலக் காலையில் எழுப்புவது சண்டையாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடட்டும், அதில் குற்றமில்லை. விடுவதாக இருந்தால் போட்டிக் குழு அறிவிக்கும் முன்பே கோச்சை நேரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் அறிவித்துவிட்டால் அந்தப் போட்டி முடியும்வரை ஓட்டிவிட்டு நிற்கட்டும். அந்த இருக்கைக்குப் புதிதாக ஒருவரைப் பழக்கக் குழுவுக்குச் சில வாரமாவது பிடிக்கும்.