நெருங்கிய துணைவரால் பின்தொடரப்படுதல்

நெருங்கிய துணைவரால் பின்தொடரப்படுதல் என்பது, கணவர், காதலர் அல்லது அவ்வுறவிலிருந்து பிரிந்த ஒருவர், மற்றவரின் விருப்பத்திற்கு மாறாக அவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதையும், தொடர்பு கொள்ள முயல்வதையும், கண்காணிப்பதையும் குறிக்கும். இருபாலரும் இதற்கு ஆளாகலாம். எனினும் இந்தியச் சட்டம், பெண்ணுக்கு எதிராக ஆண் புரியும் குற்றமாகவே இதனை வரையறுக்கிறது.

இயல்பு

அறிமுகமற்றவரைப் போலன்றி, துணைவராக இருந்தவர் பெண்ணின் வீடு, பணியிடம், பயண நேரம், தோழியர், கைபேசிக் கடவுச்சொல் ஆகியவற்றை முன்பே அறிந்திருப்பார். ஓர் அழைப்போ, தெருமுனையில் காத்திருத்தலோ தனித்து நோக்கின் சிறிதாகத் தோன்றும்; அவை தொடர்ந்து நிகழ்வதே ஆபத்தின் அறிகுறியாகும். உறவை முறித்துக்கொள்ளும் காலமும் அதனை அடுத்த காலமும் மிகுந்த இடர் உடையவை.

செங்கல்பட்டு மாவட்டத்தில்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி உள்ளிட்ட தகவல் தொழில்நுட்ப மையங்கள் அமைந்துள்ளன. குடும்பத்தைப் பிரிந்து தங்கிப் பணிபுரியும் பெண்கள் இங்குப் பலர். 2023 டிசம்பரில் இச்சாலையை அடுத்த தாழம்பூர்ப் பகுதியில் மென்பொருள் பொறியாளரான இளம்பெண் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய முன்னாள் பள்ளித் தோழர் கைது செய்யப்பட்டார்.

சட்டங்கள்

தமிழ்நாடு 1998இல் பெண்களைக் கேலி செய்வதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. பின்னர் அது பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடைசெய்யும் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு சேர்க்கப்பட்டு, பின்தொடர்தல் தனிக் குற்றமானது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு அதன் இடத்தைப் பெற்றது. நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவு முதல் முறை 3 ஆண்டுகள் வரையும், மீண்டும் புரிந்தால் 5 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதித்தது. இணையவழிக் கண்காணிப்பும் இதில் அடங்கும். அப்போது முதல் குற்றம் பிணையில் விடத்தக்கதாக இருந்ததால், குற்றஞ்சாட்டப்பட்டவர் விரைவில் வெளிவர இயன்றது.

பாதுகாப்பு ஆணை

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, தண்டனையை விடத் தடுப்பை நோக்கமாகக் கொண்டது. பெண்ணின் பணியிடத்திற்குள் நுழைவதையும், எவ்வழியிலும் தொடர்பு கொள்ள முயல்வதையும் நீதித்துறை நடுவர் தடைசெய்யலாம். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படும். தற்காலிகமாக வசிக்கும் இடத்திலும் மனு அளிக்கலாம் என்பதால், கேளம்பாக்கத்தில் வாடகைக்குத் தங்கியிருக்கும் வெளியூர்ப் பெண் சொந்த ஊர் செல்லத் தேவையில்லை.

ஆனால் இச்சட்டம் திருமணம், திருமணத்தை ஒத்த உறவு போன்ற குடும்ப உறவில் ஒரே இல்லத்தில் வாழ்ந்தவர்களுக்கே பொருந்தும். சேர்ந்து வாழாத காதலரைப் பிரிந்த பெண்ணுக்கு இந்த ஆணை கிடைப்பதில்லை. அவர் குற்றவியல் சட்டத்தையே நாட வேண்டியுள்ளது.

உதவி பெறும் வழிகள்

குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காமல், நாள், நேரம், இடத்துடன் குறித்து வைப்பது தொடர்ச்சியை மெய்ப்பிக்க உதவும். மாமல்லபுரம், செங்கல்பட்டு ஆகிய ஊர்களில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உள்ளன. எல்லை கருதாமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 ஆகிய எண்களை அழைக்கலாம்.