நாய் கடித்ததைச் சொன்னால் அடிக்காதீர்கள்

டியூஷன் முடிந்து வரும் வழியில் தெருநாய் காலைக் கவ்விவிடுகிறது. சின்னக் காயம்தான். ஆனாலும் பையன் வீட்டில் வாய் திறப்பதில்லை. “நாய்கிட்ட உனக்கென்னடா வேலை?” என்று முதுகில் ஒன்று விழும் என்பது அவனுக்குத் தெரியும். காயத்தைப் பேன்டால் மறைத்துக்கொண்டு படுத்துவிடுகிறான். தடுப்பூசியை உடனே போட ஆரம்பித்தால் ரேபிஸ் அண்டாது. அறிகுறி தெரிந்துவிட்டாலோ, அநேகமாக யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே பிள்ளைகளுக்கு முதலுதவியில் முதல் பாடம் “மறைக்காதே” என்பதுதான். அதில் பாதி பெற்றோருக்கான பாடம். அடுத்த வேலை குழாயடியில்: சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். பிறகு நேராக ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசி அங்கே இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று போடுவார்கள். காயம் ஆறிவிட்டதென்று நடுவில் நிறுத்தக் கூடாது. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை. அதைக் கேளுங்கள், அங்கே இல்லையென்றால் எந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து, தீக்காயத்தில் பற்பசை, பாம்பு கடித்த காலில் இறுக்கிய கயிறு என்று வீட்டு வைத்தியங்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. “வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க பாட்டி” என்று ஏழாம் வகுப்புப் பேத்தி சொன்னால் முதலில் முறைப்பார்கள். சொல்லட்டும்.

வயதுக்கேற்றபடி கற்றுத்தர வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு 108-ஐ அழைத்து, “ரேஷன் கடைக்குப் பின்னாடி, மாரியம்மன் கோயில் சந்து” என்று அடையாளம் சொல்லத் தெரிந்தால் போதும். நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் பயிற்சியை 12 வயதிலிருந்து, ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் தரும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரித்தது. டென்மார்க் 2005-லேயே பள்ளிகளில் அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

துணிச்சலை மட்டும் ஊட்டி அனுப்புவது ஆபத்து. ஏரியில் ஒருவன் தத்தளித்தால் நண்பர்கள் ஒவ்வொருவராகக் குதிக்கிறார்கள். குதிக்காதே, கூச்சல் போடு, கயிறோ புடவையோ காலிப் பிளாஸ்டிக் குடமோ வீசு என்பதை நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

“போலீஸ் கேஸாகிடும், ஒதுங்கிப் போ” என்பதும் நாம் ஊட்டும் பயம்தான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடர முடியாதபடி காக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்குத்தான். அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? ஜூனியர் ரெட் கிராஸ் பயிற்சி எல்லாப் பிள்ளைகளுக்குமா, சீருடை வாங்கிய சிலருக்கு மட்டுமா?